மாடி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம்

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'நம்ம ஆளு'. நிஜப் பெயர் ஒன்று இருந்தது. அதை அப்பா ஒரு மாதிரி சொல்வார், டிவிக்காரர்கள் ஒரு மாதிரி சொல்வார்கள். நமக்கெதற்கு வம்பு என்று அம்மாதான் இப்படி மாற்றி வைத்தாள். ஜாதி, மொழி, நிறம் என்று எதை எடுத்துப் பார்த்தாலும் அவர் நம்ம ஆள் கிடையாது. ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து வந்த பாஸ்கெட்பால் ஆட்டக்காரர். அவர் நியூ ஜெர்சி அணிக்கு ஆடினார், நாங்கள் நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வாடகைக்கு இருந்தோம். சொந்தம் என்று சொன்னால் அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் வாழ்நாளில் எந்தப் பந்தையும் தொட்டவர் இல்லை. மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். திங்கட்கிழமை லன்ச் ரூமில் எல்லோரும் கேம் பற்றிப் பேசும்போது, லெமன் ரைஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி டிவியில் பாஸ்கெட்பால் பார்க்க ஆரம்பித்தார். முதல் சில வாரங்கள் ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை பேர் ஏன் இப்படி ஓடுகிறார்கள், ஆளுக்கு ஒரு பந்து கொடுத்துவிட்டால் என்ன என்று அம்மா கேட்டாள்.

பிறகு நம்ம ஆளைக் கண்டுபிடித்தார். அவர் கதையை அப்பா லன்ச் ரூமில் கேட்டுவந்து எங்களுக்குச் சொன்னார். சொந்த ஊரில் அவர் ராஜாவாக இருந்தவராம். இங்கே வந்தபோது, ஐரோப்பாக்காரனுக்கு இந்த ஆட்டமெல்லாம் வருமா என்று முதலில் சேர்ந்த அணியில் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்களாம். ஊருக்குத் திரும்பிப் போயிருந்தால் மறுநாளே மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள். போகவில்லை. யாரும் வருவதற்கு முன்பே காலையில் ஜிம்முக்கு வந்து, தன்னந்தனியாகக் கூடையில் பந்தை எறிந்துகொண்டே இருந்தாராம். பிறகு எங்கள் நியூ ஜெர்சிக்கு வந்தார். ஆட விட்டார்கள், ஆடினார்.

எப்படி ஆடினார் என்பதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். வெகு தூரத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியேயிருந்து போட்டால் மூன்று பாயிண்ட். மற்றவர்கள் அங்கே நின்று யோசிப்பார்கள். நம்ம ஆளு யோசிக்கவே மாட்டார். பந்து கைக்கு வந்ததும் போவதும் ஒரே காரியமாக இருக்கும். விழுந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் சிரிப்பாரே, அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடுவார். அவரைவிட உயரமானவர்களும் வேகமானவர்களும் அந்த மைதானத்தில் நிறைய இருந்தார்கள். அவரைப் போல ஆசையோடு ஆடியவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பா அவர் கதையை வேதவாக்காக்கிவிட்டார். நான் கணக்கில் ஒரு தப்புப் பண்ணினால் போதும், நம்ம ஆளு காலையில் ஜிம்முக்குப் போன கதை வந்துவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் எழுந்திருக்கிறவர்கள் எல்லோர் மீதும் எனக்கு ஒரு கோபம் இருந்தது. ஆனால் அப்பா ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆபீஸில் அதுவரை அவர் எழுதிய ரிப்போர்ட்டை வேறொருவர்தான் மீட்டிங்கில் வாசித்துக்கொண்டிருந்தார். நம்ம ஆளு ஒரே ஆட்டத்தில் எதிரணியைத் துவம்சம் பண்ணியதற்கு மறுநாள், அப்பா மீட்டிங்கில் கையைத் தூக்கி, நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை சொன்னார். அன்று அம்மா பாயசம் வைத்தாள்.

எங்கள் வீடு தரைத்தளம். பக்கத்து அறை, அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் பொதுவான லாண்டரி ரூம். மாடி வீட்டு அங்கிள் எங்களுக்குப் பழக்கமானது அதனால்தான். அவர் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை பார்த்தார், அதிகம் பேசாதவர். ஒருநாள் கூடையோடு துணி துவைக்க வந்தவர், எங்கள் வீட்டுத் திறந்த கதவு வழியாக டிவியில் நம்ம ஆளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அப்பா உள்ளே கூப்பிட்டார். அங்கிளும் நம்ம ஆளும் ஒரே நாட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. திருநெல்வேலிக்காரர் இன்னொரு திருநெல்வேலிக்காரரை நியூ ஜெர்சியில் பார்த்தால் என்ன சந்தோஷம் வருமோ, அது அங்கிளுக்காக அப்பாவுக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து கேம் நடக்கும் நாளெல்லாம் அங்கிள் கூடையோடு வந்துவிடுவார். மெஷினில் துணியைப் போட்டுவிட்டு எங்கள் சோபாவின் நுனியில் உட்காருவார். துணி துவைத்து, காய்ந்து, மடிக்கத் தயாராகி வெகு நேரமான பிறகும் எழுந்திருக்க மாட்டார். கை தட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அப்பாவிடம் கையால் காட்டுவார். எவ்வளவு நாகரிகமான மனுஷன் என்று அப்பா சொல்வார். வீட்டுத் துணியையெல்லாம் தானே துவைக்கிற ஆம்பளையைப் பாருங்க என்று அம்மா சொல்வாள். ஒரே ஒரு தடவைதான் அங்கிள் தாமாகப் பேசினார். நம்ம ஆளு சின்னப் பையனாக இருந்தபோதே அவர் ஆடியதைத் தான் நேரில் பார்த்திருப்பதாகச் சொன்னார். "அப்போது நாங்கள் எல்லோரும் ஒரே நாடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எங்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எனக்கு அது தெரியப் பல வருடங்கள் ஆயின, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நாடு அப்போது உடைந்து, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நம்ம ஆளு ஒரு பக்கம். அங்கிளும் அவர் மனைவியும் எதிர்ப்பக்கம். மாடி வீட்டில் நம்ம ஆளின் பெயரையே எடுக்கக் கூடாது. அங்கிள் கீழே வருவது துணி துவைக்க மட்டும்தான் என்று மாடி ஆன்ட்டி நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு அட்லஸ் பழையது, அதில் அந்த நாடு முழுவதும் ஒரே மஞ்சள் நிறத்தில் இருந்தது. அப்பா அதை நம்பினார்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தபோது, ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், வாசலில் அப்பாவின் கார் நிற்கிறது. அந்த நேரத்தில் அப்பா வீட்டில் இருக்கிறவரே இல்லை. க்ரீன் கார்டு வராத குடும்பம். வேலை போய்விட்டதோ, ஊருக்கே திரும்ப வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன். அப்பா சாப்பாட்டு மேஜை முன்னால் டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சீசன் முடிந்து ஐரோப்பாவுக்குப் போயிருந்த நம்ம ஆளு, அங்கே ஏதோ ஒரு சாலையில் கார் விபத்தில் இறந்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அம்மா என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, சத்தம் போடாதே என்று சைகை காட்டினாள்.

ஃப்ரிட்ஜ் கதவில், முருகன் காலண்டருக்குப் பக்கத்தில், பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய அவருடைய படம் இருந்தது. பந்தைப் போட்டுவிட்டு வாயைத் திறந்து கத்துகிற படம். நான் அதன் முன்னால் போய் நின்றேன். இப்படிக் கத்துகிறவர் எப்படிச் சாக முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

அப்பா எழுந்து போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். பங்காளி செத்தால்தான் தீட்டு, இதற்கெல்லாம் கிடையாது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, மாடிக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வரலாம், கிளம்பு என்றார். அம்மா திகைத்துவிட்டாள். அவர்கள் என்ன அவருக்கு உறவா என்று கேட்டாள். அப்பா யோசித்துத்தான் வைத்திருந்தார். நம்ம ஆளின் அப்பா அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், அங்கே போக முடியாது. ஆனால் அவர் ஊர்க்காரர் ஒருவர் நம் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். இத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு எட்டிப் பார்க்காமல் இருந்தால் நாம் என்ன மனிதர்கள்?

போன் பண்ணிக் கேட்டுவிட்டாவது போகலாம் என்றாள் அம்மா. இந்த ஊரில் யாரும் சொல்லாமல் யார் வீட்டுக்கும் போவதில்லை.

"நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும். இதுகூட மறந்துட்டா நாம எதுக்கு இருக்கோம்?" என்றார் அப்பா.

அன்று செவ்வாயோ வெள்ளியோ இல்லை என்று அம்மா காலண்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பளபளப்பில்லாத ஒரு காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சட்டங்கள் சொல்லப்பட்டன. துக்க வீட்டில் ஹலோ சொல்லக் கூடாது. எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று கேட்கக் கூடாது. அவர்கள் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டும், பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கிளம்பும்போது பை சொல்லக் கூடாது, போயிட்டு வரேன் என்று கண்டிப்பாகச் சொல்லக் கூடாது. எழுந்து திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அமெரிக்கப் பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுத்தந்த மரியாதைகள் அத்தனையையும் வாசலில் விட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன்.

துக்க வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று அப்பா எதிர்பார்த்தார். மூடியிருந்தது. பெல் அடிக்கலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். மாடி ஆன்ட்டி கதவைத் திறந்தார். அவரை நான் அதுவரை படிக்கட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கறுப்பு உடையில்தான் பார்த்திருக்கிறேன், அவருக்குப் பிடித்த நிறம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அன்றும் கறுப்புதான். அப்பா கையைக் கூப்பினார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், அருமையான சோபா ஒன்று இருக்க, அதை விட்டுவிட்டுக் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவும் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஆன்ட்டி கதவைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளறையிலிருந்து அங்கிள் வந்தார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்களைத் தரையில் பார்த்ததும் அந்த முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் இறங்கிப்போயிற்று. நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பா வாயைத் திறந்து நம்ம ஆளின் பெயரைச் சொன்னால், இத்தனை மாதம் துவைத்த துணியெல்லாம் என்ன கணக்கு என்று மனைவிக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா சொல்லவில்லை. துக்க வீட்டில் முதலில் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

ஆன்ட்டி அவரைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். அங்கிள் அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன வார்த்தை சொல்லித் தலையை ஆட்டினார். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். மெதுவாக வந்து, எங்களுக்கு எதிரில், தானும் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

அப்புறம் அவர் எழுந்து போய் ஒரு படத்தையும் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள் வைத்த தட்டையும் கொண்டுவந்தார். துக்க வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அப்பா அதைத் தண்ணீர் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்தார். பீர் பாட்டிலைக்கூடத் தொடாதவர். அவர் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அது துக்கத்தினாலா, தட்டில் வந்ததாலா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அதைப் பார்த்து ஆன்ட்டி இன்னும் அழுதார்.

படத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஓர் ஆற்றங்கரையில், பெரிய மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான். நம்ம ஆளு முகம் எனக்குத் தலைகீழாகப் பாடம். இது அவர் இல்லை. இவ்வளவு அழுகிறார்கள், படத்தைப் போய் மாற்றி எடுத்து வந்துவிட்டார்களே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. உதவி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பட் தட்ஸ் நாட்..." என்று நான் ஆரம்பித்ததும் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அம்மா நிறையக் கிள்ளியிருக்கிறாள், அந்தக் கிள்ளுக்கு இணையாக ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வலியில் என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. ஆன்ட்டி என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"மை பிரதர்" என்று அம்மாவிடம் சொன்னார். "யாரும் வரவில்லை. இந்த ஊரில் யாருமே வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள்."

ஆன்ட்டியின் தம்பி அந்தக் குளிர்காலத்தில் சண்டையில் செத்துப்போயிருக்கிறான். போனில் செய்தி வந்திருக்கிறது. சாவுக்கும் போக முடியவில்லை, சொல்லி அழவும் யாரும் இல்லை. துக்கத்துக்கென்று உடுத்திய அந்தக் கறுப்பு உடையை நாங்கள் அத்தனை பேரும் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அப்பா படத்தைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், குனிந்துகொண்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. புரிந்தவரைக்கும் அவர் செய்தது சரி. தெரியாத பையனுக்காக, நம்ம ஆளுக்கு என்று வைத்திருந்த அத்தனை மரியாதையோடும் உட்கார்ந்திருந்தார். என் அப்பாவின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பில் பாதி, அந்தக் கார்ப்பெட்டில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் வந்தது.

அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். முதலில் அவர் தோள் லேசாக அசைந்தது. பிறகு சத்தமே வந்துவிட்டது. பெரிய உருவம், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அழுதார். ஆன்ட்டி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே ஆச்சரியமாகப் பார்த்தார். எழுந்து போய் அவர் முதுகில் கையை வைத்தார், அங்கிள் திரும்பி ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டார்.

வெகு காலம் கழித்து, லாண்டரி ரூமில் வைத்து ஆன்ட்டி அம்மாவிடம் சொன்னாராம். தம்பி செத்த செய்தி வந்தபோது அவர் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்காக ஆன்ட்டி அவரோடு சரியாகப் பேசாமலே மாதக்கணக்கில் இருந்திருக்கிறார், பிரிந்துவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். நீங்கள் வந்த அன்றுதான் என் தம்பிக்காக அவர் அழுததைப் பார்த்தேன், அதோடு என் மனசு ஆறிவிட்டது என்றாராம். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, சூடான துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று நாங்கள் எழுந்தோம். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வரிசையாகப் படியிறங்கி வந்தோம். வீட்டுக்குள் எதையும் தொடுவதற்கு முன்னால் குளிக்க வேண்டும் என்று அம்மா பாத்ரூம் வாசலில் என்னை நிறுத்தினாள். அங்கே நின்றுகொண்டுதான் நான் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். அவங்க தம்பி, சண்டையில செத்துட்டான் என்று அம்மா சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் ஆன்ட்டியின் தம்பிக்காக ஆன்ட்டியைவிட அங்கிள் ஏன் அவ்வளவு அழ வேண்டும்?

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சினன் இல்லியா? பாசம் இருக்காதா?" என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். ஊரிலிருந்து என் மாமாவின் போன் வந்தால் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிற அப்பா இதைச் சொல்கிறாரே என்று மட்டும் கொஞ்சம் இடித்தது. எப்படியானாலும், நான் அன்றைக்குப் பார்த்த மனிதர்களிலேயே மாடி அங்கிள்தான் உசத்தி என்று முடிவு செய்தேன். நம்ம ஆளு செத்துப்போன அன்றைக்குக்கூட அவரை மறந்துவிட்டு, மச்சினனுக்காக அப்படி அழுகிற மனசு வேறு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.